இது குழாய் இல்லை சார், நாயனம்!

எக்ஸ்ரே மெஷினுக்கு சங்கீதம் தெரியாது. அதைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. ஒரு பாரி நாயனத்தை அதன் வயிற்றுக்குள் அனுப்பினால் என்ன தெரியும்? ரெண்டரை அடிக்கு மேல் நீளமாக ஒரு குழல். வரிசையாகத் துளைகள். ஒரு முனையில் சின்ன உலோகக் குழாய். மறுமுனை புனல் மாதிரி விரிந்திருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு ஊசி வேறு தொங்குகிறது. அந்தத் திரைக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்தால் 'ஆஹா, மங்கள வாத்தியம்' என்று கைகூப்புவீர்களா, விசிலைத் தேடுவீர்களா?

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த நாயனக்காரர் ஒருவர், சிங்கப்பூர், மலேசியா கோயில்களுக்கு அடிக்கடி வாசிக்கப் போகிறவர். அவர் சொன்னது இது. (எந்த ஏர்போர்ட் என்று கேட்காதீர்கள்.)

பையைத் திறக்கச் சொன்னவர் வடக்கத்தி இளைஞர்.

"யே க்யா ஹை?"

"நாதஸ்வரம்."

"க்யா?"

"நாயனம் சார்."

சாருக்கு ரெண்டும் ஒன்றுதான். பின்னால் வரிசை அனுமார் வால் மாதிரி நீள்கிறது. கூட வந்த தவில்காரருக்குத்தான் சமயோசிதம் உதித்தது. "சவுத்து ஷெனாய் சார்!"

இளைஞர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, ஷெனாய்! பிஸ்மில்லா கான்!" போகலாம் என்று கையைக் காட்டினார். ஊசி மட்டும் தொட்டிக்குள் விழுந்தது.

"அந்த மகான் புண்ணியத்துல ஏறினோம் தம்பி" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் நம் ஊர் வாத்தியம் வேறொரு வாத்தியத்தின் பெயரைச் சொல்லி விமானம் ஏற வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

இத்தனைக்கும் நாயனம் ஆகாயத்துக்குப் புதிதில்லை. ஸ்ரீரங்கத்திலேயே வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா 1973-லேயே அமெரிக்கா போய் வாசித்தவர். 1998-ல் சங்கீத கலாநிதி. அதே 1973 ஜனவரியில்தான் அமெரிக்க விமான நிலையங்களில் ஒவ்வொரு பயணியையும் கைப்பையையும் சோதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதாவது அந்த ஊருக்கு ஸ்ரீரங்கத்து நாயனமும் செக்யூரிட்டி சோதனையும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன!

அதற்கும் முந்தின தலைமுறைக்கு இந்தத் தொல்லையே கிடையாது. திருச்சி வழியாகப் போகும் போட் மெயிலில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் யாழ்ப்பாணம் போகலாம். தவில் பக்கத்திலேயே உட்கார்ந்து வரும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியதோடு அந்த வழி போயிற்று. 2025-ல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் விட்டார்கள். தூரம் குறைந்துவிட்டது. சோதனை கூடிவிட்டது.

சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. 1999 காந்தஹார் கடத்தலுக்குப் பிறகு அப்படிச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. நான் சொல்ல வந்தது வேறு.

நாயனமாவது கையோடு போய்விடும். தவில் போகாது. பெரும்பாலான விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ. பலா மரத்தில் குடைந்து, எருமைத் தோலும் ஆட்டுத் தோலும் கட்டி, இரும்பு வளையமும் போல்ட்டும் முடுக்கிய தவில், எடையிலும் சரி, பருமனிலும் சரி, அதற்குள் அடங்காது. மேலைநாட்டு செல்லோக்காரர்கள் வாத்தியத்துக்குத் தனி டிக்கெட்டே எடுத்துவிடுகிறார்கள். நம் கோயில் சம்பாவனையில் தவிலுக்கு ஜன்னல் சீட்டு கட்டுப்படியாகுமா? ஆகவே அது சூட்கேஸ்களோடு சூட்கேஸாக பெல்ட்டில் போகிறது.

நான் பி.காம். ஆபீஸ் கணக்கில் இதற்குப் பெயர் 'பிளான்ட் அண்ட் மெஷினரி'. எந்த முதலாளியாவது தன் மொத்த மெஷினையும் பெல்ட்டில் போட்டுவிட்டு, முழுசாக வர வேண்டுமே என்று மறுமுனையில் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்பாரா? அண்ணன் செட்டார் நிற்கிறார்கள். 'லக்கேஜ் நாளைக்கு வரும்' என்று கவுண்டரில் சொல்லலாம். 'கும்பாபிஷேகம் நாளைக்கு' என்று குருக்கள் சொல்ல முடியாது.

நமக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் அக்குளில் பையை இடுக்கிக்கொண்டு ஊதும் பேக்பைப்பைப் பார்த்திருப்பீர்கள். 2014-ல் கனடாவிலிருந்து திரும்பிய ரெண்டு அமெரிக்கப் பையன்களின் பேக்பைப்பை எல்லையில் பிடுங்கிவிட்டார்கள். காரணம், அதில் பழைய யானைத் தந்தம் இருந்தது. ஸ்காட்லாந்துப் போட்டிக்குக் கிளம்ப வேண்டிய நேரம்! ஊரே கூச்சல் போட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். நம் பழைய நாயனங்களில் தொங்கும் ஊசியும் தந்தமாக இருப்பதுண்டு. தாத்தா காலத்து நாயனம் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது உத்தமம்.

அண்ணன் இப்போது சில விதிகள் வைத்திருக்கிறார். ஊசி, தவில் கழி, ஸ்பேனர் மூன்றும் பெரிய பெட்டிக்குள். தவிலின் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, போர்வை சுற்றித்தான் கொடுப்பது. கோயில் அழைப்புக் கடிதம் சட்டைப் பையில். செல்போனில் தான் வாசிக்கிற வீடியோ ஒன்று தயாராக. சீவாளி மட்டும் சின்ன டப்பாவில், கையோடு. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்து, வாசித்து வாசித்துத் தன் உதட்டுக்குப் பழக்கிய சமாசாரம் அது. "நாயனம் போனாக்கூட அந்த ஊர்ல ஒண்ணு இரவல் கிடைக்கும் தம்பி. சீவாளி போச்சுன்னா, நான் அங்க வெறும் வேட்டி கட்டின ஆளு."

2024-ல் திறந்த திருச்சி விமான நிலையத்தின் புது டெர்மினல் கோபுரத்து வண்ணங்களோடு ஜொலிக்கிறது. அடுத்த தடவை அங்கிருந்து சிங்கப்பூர் போகும்போது வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் நீளமான துணி உறையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நிற்கலாம். உள்ளே போனதும் உங்கள் லேப்டாப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, மேலே அவருக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

உங்கள் கல்யாணத்தில் வாசித்தவராக இருக்கலாம். இன்னும் ஆகவில்லை என்றால், வாசிக்கப் போகிறவராக இருக்கலாம். பகைத்துக்கொள்ளாதீர்கள்.