தறிக்கூடமும் ஒரு கருவியே

நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோமாயின், நூல், பட்டு, சரிகை, சாயம், அச்சு, விழுது ஆகியவற்றிற்கெனத் தனித்தனியே கணக்குத் தலைப்புகளைக் காண்கிறோம். உழவர் சங்கங்களாயின் விதை, உரம், இறவைப்பொறி எனத் தலைப்புகள் நீளும். ஆனால், நெசவாளர் நாள்தோறும் எட்டு மணி, பத்து மணி நேரம் அமர்ந்து தொழில் புரியும் இடத்திற்கென ஒரு தலைப்பைக் காண்பது அரிது. இடம் அவரவர் வீட்டுக் காரியம், அதில் சங்கத்திற்கு என்ன வேலை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் மாற வேண்டும். தறிக்கூடமும் ஒரு கருவியே. அச்சுக்கும் நாடாவுக்கும் சங்கம் கடன் தருவது முறையாயின், சன்னலுக்கும் தரைக்கும் கடன் தருவதும் முறையே.

உழவர் பெருமக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாற்றங்கால் மட்டமாக அமைந்து நீர் வடியாவிடின், உயர்ந்த விதையும் அழுகிப்போகும். களம் செம்மையாக இராவிடின் நெல்லோடு கல்லும் மண்ணும் மூட்டைக்குள் சேரும். விதை விதைக்கும் முன் இடத்தைத் திருத்துவது உழவின் முதற்பாடம். நெசவு மட்டும் இதற்கு விலக்காகுமா? சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்!

“எங்கள் பாட்டன்மார் இதே வீட்டில்தானே கோர்வைச் சேலை நெய்தார்கள்? அவர்கள் சன்னல் கேட்டார்களா?” என்று சிலர் வினவக்கூடும். பாட்டனார் கேட்கவில்லை, ஏனெனில் அவர் வீட்டிலேயே அது இருந்தது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடொன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நெசவுக்கென்றே வகுக்கப்பட்ட வீடு எப்படியிருக்கும் என்பதை அங்கே நேரிற் காணலாம். இன்றோ பாகப்பிரிவினையில் வீடுகள் குறுகின, முற்றங்கள் மூடப்பட்டன, ஓடு போய்த் தகரமும் சிமெண்டுத் தகடும் வந்தன. தறி பின்கட்டு இருளுக்குத் தள்ளப்பட்டது. பாட்டனாரின் தொழில் நம்மிடம் இருக்கிறது; பாட்டனாரின் வீடு நம்மிடம் இல்லை.

குழித்தறி அறிவற்ற ஏற்பாடன்று. பருத்தி நூல் வறண்ட காற்றில் அறுந்துபோகும். தரைமட்டத்தில் விரிந்த பாவுக்குக் குழியின் ஈரம் துணை நிற்கிறது. ஆனால், நூலுக்கு நன்மை செய்யும் அதே ஈரம், அளவு மீறின் ஆளுக்கும் சரிகைக்கும் பகையாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியில் நீர் ஊறும்போது தறி நின்றுவிடுகிறது, கூலியும் நின்றுவிடுகிறது. குழியின் நாற்புறமும் அடியும் செங்கல் வைத்துச் சிமெண்டுப் பூச்சிட்டு, விளிம்பை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் பெருமளவு நீரைத் தடுக்கலாம். தாழ்ந்த நிலத்தில் உள்ள வீடுகளில் தரைக்கு மேல் நிற்கும் சட்டத்தறியே பொருத்தமாகும்.

அடுத்தது ஒளி. நெசவாளரின் முதுகுக்குப் பின்னிருந்து வெளிச்சம் வந்தால் அவர் நிழலே துணியின்மீது விழும். நேர் எதிரே வந்தால் கண் கூசும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியே சிறந்தது. அதிலும் வடக்கு நோக்கிய சன்னலின் ஒளி நாள் முழுவதும் ஒரு சீராக இருக்கும். நேர்வெயில் பட்டின் சாயத்தை வெளுக்கச் செய்யுமாதலால் அதனைத் தவிர்த்தல் வேண்டும். சன்னல் வைக்க இயலாத இடத்தில் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதிக்கலாம், சுவருக்கு வெள்ளையடிக்கலாம். கரும்பாவு பூட்டிய தறிக்கு வெண்பாவுத் தறியைவிட மிகுந்த ஒளி தேவை என்பதை நெசவாளர் அனைவரும் அறிவர். விளக்கு, நெய்யும் முகத்திற்கு மேலே, தலைக்குச் சற்று முன்னால் தொங்குதல் நலம். மின்கட்டணத்திற்கு அஞ்சி விளக்கைச் சுருக்குவோர் உளர். கைத்தறி நெசவாளருக்கு இரு மாதங்களுக்கு 200 அலகு என 2016-இல் தமிழ்நாடு அரசு வழங்கிய கட்டணமில்லா மின்சாரம், 2023-இல் 300 அலகாக உயர்த்தப்பட்டது. அச்சலுகை கண்ணைக் காப்பதற்கு முதலில் பயன்படட்டும்.

இனி அமரும் முறை. இத்தாலி நாட்டு மருத்துவர் ராமசீனி என்பார், தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கையாளும் பொருளின் தீமை ஒன்று, இயல்புக்கு மாறாக உடலை வைத்திருத்தல் மற்றொன்று என நோய்க்கு இரு பெருங்காரணங்களை அவர் எடுத்துக்காட்டினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் நம் நெசவாளரின் இடுப்பும் முழங்காலும் அவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றன. அமரும் பலகையின் உயரமும், மிதிபலகையின் தொலைவும் அமர்பவரின் உடலளவுக்கு ஏற்ப மாறுதல் வேண்டும். ஆணுக்கு அளந்து வெட்டிய குழியில் பெண் அமர்ந்து நெய்வதே பல வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. 2019-20-ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டின் கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். எனில், பெண்ணின் அளவுக்கு இடத்தை அமைப்பது சலுகையாகாது, நீதியேயாகும்.

தொழிற்சாலைக்கு இவையெல்லாம் புதிய செய்தியல்ல. 1948-இல் இயற்றப்பெற்ற தொழிற்சாலைகள் சட்டம் காற்றோட்டம், வெளிச்சம், தூசி நீக்கம், உட்காரும் வசதி ஆகியவற்றைத் தனித்தனிப் பிரிவுகளாகவே வகுத்துக் கூறியது. ஓரிரு தறிகள் கொண்ட வீட்டுக்கு அச்சட்டத்தின் கை நீளவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து மேற்கே சென்றால் ஒரகடத்துத் தொழிற்சாலைகள். தெற்கே பரனூரையொட்டி 2002-இல் தொடங்கப்பெற்ற மகிந்திரா உலக நகரம். நம் பிள்ளைகள் அங்கே செல்வது கூலியை மட்டும் கருதியன்று. நல்ல வெளிச்சம், குடிநீர், கழிப்பிடம், நிமிர்ந்து நிற்க இடம் ஆகியவற்றையும் கருதியே செல்கின்றனர். இருண்ட குழியைக் காட்டி, “இது நம் குலத்தொழில், விட்டுவிடாதே” என்று உபதேசிப்பதில் பயனென்ன?

கூடித் தொழிலிடம் அமைத்தவர்கள் நம் கடற்கரையிலேயே இருக்கின்றனர். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியரும் சிற்பிகளும் ஒன்றுகூடி, பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுப் பணம் சேர்த்தனர். மாமல்லபுரம் செல்லும் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். தனித்தனியே நின்றிருந்தால் வாடகை அறைக்குள் வாடியிருக்கக் கூடியவர்கள், ஒன்றுபட்டதால் குடியிருப்பும் தொழிற்கூடமும் காட்சிக்கூடமும் பெற்றனர். இங்கிலாந்தில் 1844-இல் ராக்டேல் முன்னோடிகள் தங்கள் சங்கத்தைத் தொடங்கியபோதும், மளிகைக் கடையோடு நின்றுவிட எண்ணவில்லை. அங்கத்தினர்க்கு வீடு கட்டுதலும், வேலையற்ற அங்கத்தினர்க்குத் தொழில் அமைத்துத் தருதலும் அவர்களின் நோக்கங்களுள் இடம்பெற்றிருந்தன. கூட்டுறவு என்பது கொள்முதலும் விற்பனையும் மட்டுமன்று என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை யாவை? முதலாவதாக, மழைக்காலத்திற்கு முன் நிர்வாகக் குழுவினர், பெண் அங்கத்தினர் இருவரையேனும் உடன் அழைத்துக்கொண்டு, ஒவ்வொரு தறிக்கூடத்தையும் நேரிற் பார்வையிட்டுக் குறைகளை எழுதிவைத்தல் வேண்டும். இரண்டாவதாக, விளக்கு, கண்ணாடி ஓடு, குழிப்பூச்சு, அமரும் பலகை ஆகியவற்றிற்குச் சிறுகடன் வழங்கி, கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, தறிக்கூடம் கட்டவும் விளக்கமைக்கவும் உள்ள அரசு உதவித் திட்டங்களுக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பைச் சங்கமே ஏற்றல் வேண்டும். எழுத்தறிவு குறைந்த அங்கத்தினர் அலுவலகம் அலுவலகமாக அலைதல் கூடாது. நான்காவதாக, மேட்டுநிலத்தில் ஒரு பொதுக்கூடம் அமையுமாயின், மழை நாட்களில் சில தறிகளேனும் அங்கே ஓடும். மற்ற நாட்களில் இளைஞர் புதிய கோலங்களை வரைந்து பழகுவர். அறுவடைக் காலத்தில் உழவர் குடும்பங்கள் விதை பொறுக்கவும் அக்கூடம் உதவும்.

இவற்றிற்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆயினும், தறியின் திசையைத் திருப்பவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும், நூலைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றவும் பெருந்தொகை வேண்டுவதில்லை. அவற்றை அங்கத்தினர் இவ்வாரமே செய்யலாம். எஞ்சியவற்றை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். வரும் ஆண்டறிக்கையில் நூலுக்கும் சாயத்திற்கும் அடுத்த வரியில் ‘தறிக்கூடம்’ என்றொரு தலைப்பு இடம்பெறுவதை அங்கத்தினர் வலியுறுத்த வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.