உலர்ந்த செடிகளைப் பதிய எக்ஸெல் போதுமா?

தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் ஒரு கேள்வி வரும். செடிகளை உலர்த்தி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்களே, அந்த விவரங்களை எதில் டைப் செய்வது? திருவண்ணாமலையில் என்னிடம் இதைக் கேட்பவர்கள் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "எக்ஸெல்தான் இருக்கே சார், அப்புறம் என்ன?"

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த அட்டையில் செடியைவிட முக்கியமானது கீழே ஒட்டியிருக்கும் லேபிள். யார் சேகரித்தது, எங்கே, எந்தத் தேதியில் என்ற மூன்றும் போய்விட்டால் மிஞ்சுவது சருகுதான். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட அட்டைகள் பல்லாயிரக்கணக்கில் உள்ளன. 2022ல் இந்திய அளவில் ஒரு இணைய ஹெர்பேரியமும் தொடங்கப்பட்டது. வீட்டிலிருந்தபடியே பழைய அட்டைகளின் படங்களைப் பார்க்கலாம்.

இப்போது எக்ஸெல்லைத் திறந்து, பழைய லேபிளில் உள்ளபடி 12/8/18 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சேகரித்தவர் எழுதியது 1918. எக்ஸெல் எடுத்துக்கொள்வது 2018. இரண்டு இலக்க ஆண்டு 00 முதல் 29 வரை இருந்தால் அது 2000க்குப் பிந்தையது என்பது அதன் கணக்கு. விண்டோஸில் அமெரிக்கத் தேதி அமைப்பு இருந்தால் ஆகஸ்ட் 12, டிசம்பர் 8 ஆகிவிடும். 1900க்கு முந்தைய தேதிகளை அது தேதியாகவே மதிக்காது. அட்டை எண் 5/68 என்றால் மே மாதமாக மாற்றிவிடும். சும்மா சொல்லவில்லை. எக்ஸெல் மார்ச், செப்டம்பர் என்று மாற்றிவிடுகிறதே என்பதற்காக, மனித ஜீன்கள் சிலவற்றின் பெயர்ச் சுருக்கத்தையே விஞ்ஞானிகள் மாற்றினார்கள். அதற்கான விதிமுறை 2020ல் வந்தது. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை மைக்ரோசாப்ட் 2023ல்தான் எல்லோருக்கும் கொடுத்தது.

அடுத்தது ஊர்ப்பெயர். நம் பகுதியில் 1989க்கு முன் சேகரித்த செடி என்றால் லேபிளில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். அந்த வட ஆற்காடு இன்று திருவண்ணாமலை, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கிறது. "வட ஆற்காடு, ஜவ்வாது மலை" என்றால் எந்த மாவட்டம்? ஆங்கிலேயர் காலத்தில் நம் ஊரை ட்ரினோமலி என்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'சி' சேர்த்தால் அது இலங்கைத் திருகோணமலை. ஆர்வக்கோளாறில் யாராவது 'எழுத்துப்பிழை' என்று திருத்திவிட்டால் நம் மலைச்செடி கடல் தாண்டிப் போய்விடும்! அதனால்தான் டார்வின் கோர் என்ற சர்வதேசத் தரத்தில் லேபிளில் உள்ளபடியே இடத்தைப் பதிய தனி ஃபீல்டு வைத்திருக்கிறார்கள். இன்றைய மாவட்டத்தை வேறு ஃபீல்டில் எழுதலாம். பழையதை அழிக்கக் கூடாது.

செடியின் பெயரும் அப்படித்தான். நம் புங்க மரத்துக்கு பொங்காமியா பின்னேட்டா, டெரிஸ் இண்டிகா, மில்லெட்டியா பின்னேட்டா என்று புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறும். எக்ஸெல்லில் பழைய பெயர் மேலேயே புதியதை டைப் செய்துவிடுகிறோம். முதலில் யார் என்ன பெயர் வைத்தார் என்ற தகவல் அதோடு போச்சு. டேட்டாபேஸில் அட்டைகளுக்கு ஒரு டேபிள், பெயர்களுக்கு ஒரு டேபிள். அட்டை எண் இரண்டையும் இணைக்கும். ஒரே அட்டைக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் தேதியோடு சேர்க்கலாம். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பெசிஃபை என்ற சாப்ட்வேர் இப்படித்தான் இயங்குகிறது. இலவசம்தான். ஆனால் நூறு அட்டைக்கு அது கொசுவை அடிக்கப் பீரங்கி. லிப்ரே ஆபீஸில் உள்ள பேஸ் புரோகிராம் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என மூன்று ஃபீல்டு வையுங்கள். தமிழ்ப் பெயர்களை யூனிகோடில் மட்டும் டைப் செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எதுவும் புரியாது.

மாணவர் நோட்டுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். அண்ணாமலையில் மீண்டும் காடு வளர்க்கும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளை அதைச் செய்து வருகிறது. இந்த மலையில் முன்பு என்னென்ன வளர்ந்தது என்பதற்கு நம்பகமான சாட்சி பழைய அட்டைகள்தான். மதிப்பெண் வாங்கியதும் பரணில் போடும் அட்டைக்கும் முப்பது வருடம் கழித்து அதே மதிப்பு வரலாம். பூச்சி அரித்தாலும் போட்டோவும் விவரமும் மிஞ்சும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டும். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர் போனது. சந்தன மரம் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் எண்ணோடு இணையத்தில் போடாதீர்கள். துல்லிய இடம் உங்கள் பைலில் இருக்கட்டும், வெளியே மலையின் பெயர் போதும். அந்தப் பைலையும் மாதம் ஒருமுறை சிஎஸ்வி வடிவில் சேமித்து பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். அதை எந்தக் கம்ப்யூட்டரிலும் நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம்.