லீவு எடுக்காத வீரர்கள்

எங்கட சனத்தின் பிரியாவிடை விருந்துகளில், அறுபதாவது பிறந்தநாள் விழாக்களில், ஏன் செத்தவீட்டு உரைகளில்கூட ஒரு வசனம் தவறாமல் வரும். "இருபத்தைஞ்சு வருசமா ஒரே கொம்பனி. ஒருநாள் சிக் லீவு எடுத்தது கிடையாது." சொல்பவரின் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். கேட்பவர்கள் பெருமையாகத் தலையாட்டுவார்கள். விருந்தென்றால் கைதட்டலும் விழும்.

எனக்கு இப்போதெல்லாம் கைதட்ட மனம் வருவதில்லை. இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதருக்கு ஒரு காய்ச்சல்கூடவா வரவில்லை? கனடாக் குளிரில் வராமல் இருக்குமா? வந்திருக்கும். அந்தக் காய்ச்சலோடு அவர் வேலைக்குப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்றவனுக்கும் கொடுத்திருக்கிறார். நாங்கள் கைதட்டுவது அதற்குத்தான்.

கோபிக்க வேண்டாம். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் வேலை செய்வது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமாக உள்ள ஒரு பொதிகட்டும் தொழிற்சாலையில். பெயர் வேண்டாம், இப்படி நூறு இருக்கிறது. ஒரு லைனில் எட்டுப் பேர் தோளோடு தோள் உரச நிற்போம். நாலு பேர் எங்கட ஆக்கள். மற்றவர்கள் பிலிப்பைன்ஸ், கயானா, எத்தியோப்பியா. குளிர்காலத்தில் கதவு யன்னல் எல்லாம் பூட்டு. ஹீற்றர் கக்கும் வறண்ட காற்றுத்தான் நாள் முழுக்க. இன்புளுவென்சா வைரசுக்கு வறண்ட காற்று என்றால் கொண்டாட்டம்.

போன மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, எனக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணை இருமிக்கொண்டு வந்தார். கண் இரண்டும் சிவந்து, முகம் வீங்கி, குளிருக்குப் போடும் ஜக்கெற்றைக் கழற்றாமலே நின்றார். "அண்ணை, வீட்டை போங்கோவன்" என்றேன். "போனா ஆர் தாறது காசு? ரண்டு ரைலெனோல் போட்டனான், சரியாப் போடும்" என்றார். மத்தியானம் சுப்பர்வைசர் வந்து அவர் முதுகில் தட்டி, உன்னைப்போல நாலு பேர் இருந்தால் போதும் என்று பாராட்டிவிட்டுப் போனான்.

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நான் நல்ல சுகமாக இருந்தேன். நாலு மணிக்குக் கண்முழி நோகத் தொடங்கியது. ஐந்து மணிக்கு பஸ் தரிப்பில் நிற்கும்போது பல்லோடு பல் அடித்தது. தடிமனுக்கும் புளூவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தடிமன் மூக்கால் மெல்ல மெல்ல வரும். புளூ வந்த மணித்தியாலத்தையே சொல்லலாம். லொறி மோதியதுபோல வரும். நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கி "காய்ச்சல் தடிமன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெயரில் செய்த இந்தக் குழப்பம்தான் "சும்மா ஒரு தடிமனுக்கு லீவோ?" என்று கேட்க வைக்கிறது.

சும்மா ஒரு தடிமனா? கனடாவின் பொதுச் சுகாதார முகமை சொல்லும் கணக்கின்படி, சராசரியான ஒரு வருடத்தில் இந்த நாட்டில் சுமார் 12,200 பேர் இன்புளுவென்சாவால் மருத்துவமனைக்குப் போகிறார்கள். சுமார் 3,500 பேர் இறக்கிறார்கள். தடிமனில் எத்தனை பேர் சாகிறார்கள்?

முதல் நாலு நாளும் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. 39.6 பாகை காய்ச்சல் என்று மனிசி பின்னர் சொன்னா. நாரி, முழங்கால், மயிர்க்கால் எல்லாம் நொந்தது. போர்த்தால் வியர்வை, போர்வையை எடுத்தால் நடுக்கம். மல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் அவித்துத் தந்தா. வேது பிடிக்க வைத்தா. உள்ளி தட்டிப் போட்ட ரசம் வந்தது. இவை வைரசைக் கொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் உள்ளே போகிறது, தொண்டைக்கு இதமாக இருக்கிறது, அது போதும். மேல்வீட்டுக்காரர் பரிவோடு, ஊரிலிருந்து வந்த அமொக்சிசிலின் குளிசை அரை அட்டை கொண்டுவந்து தந்தார். அது பக்ரீரியாவுக்கான மருந்து, வைரசுக்கு ஒன்றும் செய்யாது என்று மனிசி திருப்பிக் கொடுத்தா. "ஊசி போட்டும் உவருக்கு வந்திட்டுது பாத்தியளோ" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் படியேறினார். சீற் பெல்ற் போட்டவனும் விபத்தில் அடிபடுவான். அதற்காக பெல்ற்றைக் கழற்றி எறிகிறோமா? தடுப்பூசி காய்ச்சலை முழுதாக நிறுத்தாவிட்டாலும், அது முற்றிப்போகும் வாய்ப்பைக் குறைக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஒன்ராறியோவில் ஆறு மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் அது இலவசம்.

என் கதை இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். நான் விழுந்து மூன்றாம் நாள் மாமிக்குத் தொடங்கியது. வயது 79, நீரிழிவு வேறு. என்னை அறைக்குள் பூட்டிவைத்து, சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஆனால் இரண்டறை பேஸ்மென்ற் வீட்டில், ஒரே ஒரு குளியலறையோடு, எவ்வளவு தூரம் விலகியிருக்க முடியும்? மேலும், காய்ச்சல் காய்வதற்கு ஒருநாள் முன்னமே புளூ பரவத் தொடங்கிவிடும். மாமிக்கு அது நெஞ்சில் இறங்கி நியுமோனியா ஆனது. பத்து நாள் மருத்துவமனையில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தா. உயிர் தப்பி வந்துவிட்டா. ஆனால் மார்கழிக்கு முன் தனியாகக் கோயிலுக்கு பஸ் ஏறிப் போய்வந்த மனிசி, இப்போது ஏழு படி ஏறுவதற்கு இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குகிறா.

எட்டுப் பேர் நின்ற லைனில் ஒரு கிழமைக்குள் ஐந்து பேர் படுத்தோம். அந்த அண்ணையிடமிருந்துதான் வந்தது என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னால் முடியாது. நிரூபிக்கவும் விருப்பமில்லை. ஏனென்றால் அண்ணையில் எனக்குக் கோபம் இல்லை. மகளுக்கு யூனிவெர்சிற்றி பீஸ், வீட்டு மோர்ட்கேஜ், ஊரில் தங்கச்சி குடும்பம். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஐப்பசியிலிருந்து மணிக்கு 17 டொலர் 60 சதம். எட்டு மணித்தியாலத்துக்கு 140 டொலர் 80 சதம். ஐந்து நாள் படுத்தால் 704 டொலர் போய்விடும். அந்த 704 டொலரைக் காட்டி, "போய் இருமு" என்று அவரை லைனுக்கு அனுப்பியது யார்? கேள்வி அங்கே இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கட ஆக்களில் பலருக்குத் தெரியாது. 2018 தை மாதம் முதல் ஒன்ராறியோவில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் வருடத்தில் இரண்டு நாள் சம்பளத்தோடு அவசர விடுப்பு எடுக்கும் உரிமை வந்தது. இரண்டே இரண்டு நாள்தான். ஆனாலும் வந்தது. அதே வருடம் ஆட்சி மாறியது. டக் போர்ட் அரசு கொண்டுவந்த சட்டத்தால் 2019 தை முதலாம் திகதியோடு அந்த இரண்டு நாளும் பறிபோனது. பதிலுக்குத் தந்தது என்ன? சம்பளமில்லாத மூன்று நாள் சுகவீன விடுப்பு. அதாவது, வீட்டில் பட்டினி கிடக்க அனுமதி.

பிறகு கொரோனா வந்தது. பீல் பிராந்தியத்தின் சுகாதாரப் பிரிவு, 2020 ஆவணி தொடங்கி 2021 தை வரை தொற்றிய ஆயிரக்கணக்கானவர்களின் விபரங்களைப் பார்த்தது. ஏறக்குறைய நாலில் ஒருவர் நோய்க்குறியோடு வேலைக்குப் போயிருந்தார்கள். பீல் என்றால் பிராம்டன், மிசிசாகா. பண்டகசாலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த இடம். எங்கட ஆக்களும் பஞ்சாபிகளும் இரவுபகலாக நிற்கும் இடம். இவ்வளவும் நடந்த பிறகுதான், 2021 சித்திரையில், மூன்று நாள் சம்பளம் தருவதாகத் தற்காலிகமாக அறிவித்தார்கள். 2023 பங்குனி 31உடன் அதையும் நிறுத்திவிட்டார்கள். வைரசுகள் நிறுத்தவில்லை.

2024 ஐப்பசியில் ஒரு சின்ன நல்லது நடந்தது. அந்த மூன்று நாளுக்கு டொக்டரின் துண்டு கேட்கக்கூடாது என்று சட்டம் வந்தது. நல்லது. ஆனால் துண்டு வேண்டாம் என்பது சம்பளம் ஆகாது.

இதே ரொறன்ரோவில் ஒரு வங்கியின் கவுண்டரில் இருக்கும் பிள்ளைக்கு வருடத்தில் பத்து நாள் வரை சம்பளத்தோடு சுகவீன விடுப்பு உண்டு. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்றவை மத்திய அரசின் சட்டத்துக்குள் வருகின்றன. அங்கே 2022 மார்கழி முதல் இது உரிமை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2022 தை முதல் ஐந்து நாள். வங்கிக்காரிக்கு வரும் அதே வைரஸ்தான் பொதி கட்டுபவனுக்கும் வருகிறது. அவளுக்குப் பத்து நாள், அவனுக்குப் பூச்சியம். இது என்ன மருத்துவம்?

என் தம்பி 1980களின் நடுப்பகுதியில் ஜேர்மனிக்குப் போனவன். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. அவனுக்குக் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் போவான், படுப்பான், முழுச் சம்பளமும் வரும். ஆறு கிழமை வரைக்கும் முதலாளி கொடுக்க வேண்டும். "உங்கட நாடு சொர்க்கம் எண்டு சொல்லுறாங்கள், காய்ச்சலுக்குக் காசு தரமாட்டாங்களோ?" என்று போனில் சிரித்தான். ஜேர்மன்காரன் நல்லவன் என்பதால் இது வரவில்லை. 1956 ஐப்பசியில் ஷ்லேஸ்விக் ஹோல்ஸ்ரைன் மாநிலத்தில் உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கடுங்குளிரில் பதினாறு கிழமை, 1957 மாசி வரை நின்றார்கள். அவர்கள் முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: நோயில் படுத்தால் அலுவலகத்தில் இருப்பவனுக்குக் கிடைக்கும் சம்பளம் பட்டறையில் நிற்பவனுக்கும் வேண்டும். 1957இல் அதில் ஒரு பகுதி சட்டமானது. 1970இலிருந்து முழுதாகக் கிடைத்தது. அகதியாகப் போன என் தம்பி, யாரோ முன்பின் தெரியாத வெள்ளைக்காரத் தொழிலாளி குளிரில் நின்று வாங்கித் தந்ததை அனுபவிக்கிறான்.

எங்கட பக்கத்தில் என்ன நடக்கிறது? "சம்பளத்தோட லீவு குடுத்தா சனம் ஏமாத்தும், திங்கட்கிழமை எண்டா எல்லாருக்கும் வயித்துக்குத்து வரும்" என்கிறார்கள். சொல்பவர்கள் பெரும்பாலும் எங்கட ஆக்கள்தான். ஏமாற்றுபவன் எங்கேயும் இருப்பான். பத்துப் பேரில் ஒருவன் ஏமாற்றுவான் என்பதற்காக ஒன்பது பேர் காய்ச்சலோடு இறைச்சி வெட்டவும் பாண் சுடவும் முதியவர்களைக் குளிப்பாட்டவும் வேண்டுமா? உங்கள் தாயாரைக் குளிப்பாட்ட வரும் பெண் காய்ச்சலோடு வந்தால் சம்மதமா?

"சின்ன வியாபாரம், தாங்காது" என்பது அடுத்த நியாயம். எங்கள் லைனில் ஒருவரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் முதலாளிக்குச் செலவு சில நூறு டொலர். அனுப்பாததால் ஐந்து பேர் இல்லாமல் நத்தார் ஓடர் பிந்தியது. ஏஜென்சியில் ஆள் எடுத்து, ஓவர்ரைமும் கொடுத்தார்கள். கணக்குத் தெரிந்தவர் யாரும் கூட்டிப் பார்க்கலாம்.

"ஊரில மலேரியாவோட வயலுக்குப் போனனாங்கள், ஷெல்லடிக்குள்ள வேலை செய்தனாங்கள்" என்பது மூன்றாவது. இதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. அங்கே வேறு வழி இல்லாமல் பட்ட துன்பத்தை இங்கே முதலாளிக்குத் தகுதிச் சான்றிதழாக நீட்டுகிறோம். "நாங்கள் முறைப்பாடு சொல்லாத சனம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏஜென்சிக்காரனுக்கு இதைவிட இனிமையான வசனம் உலகத்தில் இல்லை. முறைப்பாடு சொல்லத் தெரியாத சனமாக இருந்தால் நாங்கள் அகதியாகவே வந்திருக்கமாட்டோம்.

எங்கட கடைகளையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்காபரோவில், மார்க்கத்தில் எத்தனை உணவகம், எத்தனை பலசரக்குக்கடை. சமையற்கட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொத்துரொட்டி போடுபவருக்கு ஒருநாள் படுக்க வழி இருக்கிறதா? சட்டம் மூன்று நாள் சம்பளமில்லாமல் கொடு என்கிறது. சம்பளத்தோடு கொடுக்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கோயில் தேருக்கும் கலைவிழாவுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்து விளம்பரத்தில் படம் போடுகிற அண்ணைமாரே, உங்கள் சமையல்காரருக்கு வருடத்தில் ஐந்து நாள் கொடுங்கள். அதற்கும் படம் போடுங்கள், நான் கைதட்டுகிறேன்.

அரசியல்வாதிகள் கதவைத் தட்டும்போது நாங்கள் ஊர்ப்பிரச்சினை கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். பொங்கலுக்கு வந்து வேட்டி கட்டிப் படம் எடுத்தால் மகிழ்ந்து போகிறோம். அடுத்தமுறை மாகாணத் தேர்தலுக்கு யார் வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், தமிழராக இருந்தாலும், இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "சம்பளத்தோட எத்தனை சுகவீன நாள் தருவியள்? எண்ணிக்கையைச் சொல்லுங்கோ." எண்ணிக்கை சொல்லாமல் "பரிசீலிப்போம்" என்றால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். வோட்டு வேண்டாம்.

அதுவரைக்கும் காய்ச்சல் வந்தவர்கள், வசதி இருந்தால், வீட்டில் படுங்கள். வசதி இல்லாதவரை யாரும் திட்டாதீர்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், நீரிழிவு, ஆஸ்மா உள்ளவர்கள் காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் டொக்டருடன் கதையுங்கள். வைரசுக்கு எதிரான குளிசை அதற்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். அடுத்த விழாவில் யாராவது "ஒருநாள் சிக் லீவு எடுத்தது கிடையாது" என்று ஒலிவாங்கியில் சொன்னால், கைதட்டாமல் இருங்கள். பக்கத்தில் இருப்பவர் ஏன் என்று கேட்பார். கேட்டால் மாமியின் ஏழு படியைச் சொல்லுங்கள்.