தட்டு சிறுத்தது! பில் பெருத்தது! சர்வர் கூலி எங்கே?

சென்னையில் புது மோஸ்தர் ஓட்டல் ஒன்றுக்கு அண்மையில் போயிருந்தோம். நாமாகப் போகவில்லை. வெளியூரிலிருந்து வந்த மைத்துனர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துப் போனார். நால்வராய்ப் போய் உட்கார்ந்தோம். ஓட்டலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கடையைத் திட்டித் தீர்ப்பது நமது நோக்கமல்ல. ஒரு முறையையே அம்பலப்படுத்த விரும்புகிறோம்.

இங்கே சாப்பாடு கிடையாது. டிபன் என்றும் சொல்ல முடியாது. எல்லாம் சின்னத் தட்டு! உள்ளங்கை அகலத் தட்டில் நான்கு இறால். இன்னொன்றில் தயிரில் மிதக்கும் பீட்ரூட். மற்றொன்றில் சட்டைப் பொத்தானைப் போல நான்கு இட்லி, மேலே ஒரு சிட்டிகை பொடி. விலை 320 ரூபாய்! ஆளுக்கொரு தட்டு என்பதும் கிடையாதாம். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்ண வேண்டுமாம். பகிர்ந்து உண்பது நல்ல பண்புதான். ஆனால் நான்கு இறாலை நான்கு பேருக்குப் பகிர்வதற்குப் பெரிய மனம் வேண்டியதில்லை. பெரிய மணிபர்ஸ்தான் வேண்டும்!

ஏழு தட்டு வந்தது. வயிறு நிறையவில்லை. பில் வந்தது. பதார்த்தங்களுக்கு 3,600 ரூபாய். அதன் கீழே ‘சர்வீஸ் சார்ஜ்’ பத்து சதம், 360 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன் மேல் ஐந்து சத ஜி.எஸ்.டி., 198 ரூபாய். ஆக மொத்தம் 4,158 ரூபாய்!

மைத்துனர் பத்திரிகை படிப்பவர். “சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது, தெரியுமா? எடுத்துவிட்டு வேறு பில் கொண்டு வா!” என்று கத்தினார். யாரிடம் கத்தினார்? முதலாளியிடமா? முதலாளி அங்கே இல்லை. மேனேஜரிடமா? அவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தார். அஸ்ஸாமிலிருந்து வந்து, அரைகுறைத் தமிழ் பேசும் இருபது வயது சர்வரிடம் கத்தினார்! பையன் தலைகுனிந்து நின்றான். “நான் எடுக்க முடியாது சார்... மேனேஜர் எடுக்கணும் சார்” என்றான். பிறகு மேனேஜர் சிரித்த முகத்தோடு வந்தார். “எல்லாம் இந்த ஸ்டாஃப் பசங்களுக்காகத்தான் சார். இஷ்டமில்லை என்றால் எடுத்துவிடுகிறோம்” என்றார். 360-ம் அதன் மேல் போட்ட வரி 18-ம் கழிந்து, பில் 3,780 ஆயிற்று. மைத்துனருக்கு வெற்றி!

புறப்படும்போது நாம் பையனைத் தனியே கேட்டோம். “தம்பி, அந்த 360 ரூபாய் உங்களுக்கு வருமா?”

“கொஞ்சம் வரும்னு சொல்றாங்க சார். எவ்வளவுன்னு தெரியாது சார்.”

தெரியாது! தன் பெயரைச் சொல்லி மேஜைக்கு மேஜை வசூலாகும் பணம் எவ்வளவு, அதில் தன் பங்கு என்ன என்று உழைத்தவனுக்குத் தெரியாது. அவன் சொன்ன மற்ற விஷயங்களை இங்கே எழுதமாட்டோம். எழுதினால் அவன் வேலை போய்விடும்.

ஏழு தட்டுக்குப் பின்னால்...

நம்முடைய மேஜைக்கு வந்த தட்டுகளை எண்ணினோம். தொடக்கத்தில் வைத்தது நான்கு. இரண்டு முறை மாற்றியது எட்டு. பதார்த்தம் வந்தது ஏழு. ஆக, நால்வர் அரைவயிறு உண்பதற்கு 19 தட்டு! இலையில் சாப்பாடு போடும் மெஸ்ஸில் ஒருவர் வாளியோடு பந்தி முழுவதும் சுற்றி வருவார். இங்கே தட்டுக்குத் தட்டு ஒரு நடை. ஒவ்வொன்றையும் ஒருவன் சுமந்து வர வேண்டும். ஒருவன் எடுத்துப் போக வேண்டும். பின்கட்டில் ஒருத்தி கழுவ வேண்டும். தட்டு சிறுக்கச் சிறுக்க உழைப்பு பெருகுகிறது!

முதலாளிக்கோ இது வசதியான ஏற்பாடு. எது முதலில் வெந்ததோ அது முதலில் வரும்; எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாற வேண்டிய தொல்லை இல்லை. உண்பவரின் கண்ணில் படுவதும் 320, 450 என்ற சில்லறை எண்கள்தான். கூட்டுத்தொகை கடைசியில்தான் தெரியும். பசி அடங்காததால் “இன்னும் ஒன்று” என்று கேட்கவும் தோன்றும். பெருகியது உழைப்பு. பெருகியது வரவு. பெருகிய உழைப்புக்கு உரிய கூலியை யார் கொடுப்பது? இதுதான் கேள்வி!

ஏழையின் மூடி, சீமானின் மேஜை

இந்தச் சின்னத் தட்டு எங்கிருந்து வந்தது? ஸ்பெயின் தேசத்திலிருந்து. அங்கே அதற்கு ‘தாபா’ என்று பெயர். தாபா என்றால் மூடி. மதுக்கடையில் கோப்பையோடு ஒரு துண்டு ரொட்டியோ, நாலு ஆலிவ் காயோ, ஒரு துண்டு மீனோ கூடவே வரும். கிரனாடா நகரத்தில் இன்றைக்கும் பானம் வாங்கினால் தாபா இனாம். சாமானிய மக்கள் நின்றபடி தின்ற இந்தத் தின்பண்டத்தைத்தான் உலகத்துப் பணக்கார ஓட்டல்கள் மேஜைக்கு ஏற்றி விலை வைத்தன.

அதே ஸ்பெயினில், ரோசஸ் என்ற கடற்கரை ஊரில், ‘எல் புல்லி’ என்ற ஓட்டல் 2011 ஜூலையில் மூடப்படும் வரை உலகப் புகழோடு நடந்தது. ஃபெரான் அட்ரியா அதன் தலைமைச் சமையற்காரர். ஒருவருக்கு முப்பதுக்கு மேற்பட்ட சின்னத் தட்டுகள் வரிசையாக வரும். அதன் சமையலறையில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் யார் தெரியுமா? சம்பளமில்லாப் பயிற்சியாளர்கள்! படுக்க இடமும் சாப்பாடும் உண்டு, கூலி இல்லை.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ‘நோமா’ என்ற ஓட்டல். 2023 வாக்கில் அங்கே ஒருவர் சாப்பாட்டுக்குச் சுமார் 500 டாலர் ஆயிற்று. அங்கும் பயிற்சியாளர்கள் பல ஆண்டுகள் சம்பளமின்றி உழைத்தார்கள். 2022 அக்டோபரில்தான் அவர்களுக்குக் கூலி கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில், இந்த முறை இனித் தாக்குப் பிடிக்காது என்று அதன் தலைமைச் சமையற்காரர் ரெனே ரெட்ஸெப்பி அறிவித்தார். கூலி கொடுத்தால் நிற்காத மாளிகை எதன்மேல் நின்றிருந்தது? வாசகர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

பேருக்குப் பேர் மாற்றினார்கள்!

நம் நாட்டுக்கு வருவோம். 2022 ஜூலை 4-ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்றது. உடனே ஓட்டல் முதலாளிகளின் இரண்டு பெரிய சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டுக்கு ஓடின. அந்த மாதமே தடை வாங்கின. என்ன வாதம்? ஊழியர் நலன்! இந்தப் பணம் தொழிலாளர்களுக்குப் போகிறதாம். இதை நிறுத்தினால் அவர்களுக்குக் கஷ்டமாம். ஆஹா, என்னே கருணை!

வழக்கு நடக்கும்போதே ஒரு வேடிக்கையும் நடந்தது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றால் சர்க்கார் வரியோ என்று ஜனங்கள் மயங்குகிறார்கள் என்ற பேச்சு வந்தது. 2023 செப்டம்பரில், ஒரு சங்கத்தின் ஓட்டல்கள் அதை ‘ஊழியர் பங்களிப்பு’ என்று அழைக்க வேண்டும், பத்து சதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இடைக்கால உத்தரவு பிறந்தது. பெயர் மாறியது. ஊழியரின் பை நிறைந்ததா? அதைக் காட்டும் கணக்கு எங்கே?

கடைசியில் 2025 மார்ச் 28-ம் தேதி ஹைகோர்ட் முதலாளிகளின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. கட்டாயமாக வசூலிப்பது சட்ட விரோதம் என்றது. இரு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்ச ரூபாய் செலவுத் தொகை விதித்தது. மேல்முறையீட்டுக்கும் போனார்கள். தீர்ப்பு நியாயமானதே, அதை நாம் வரவேற்கிறோம். விலைப்பட்டியலில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்பது ஏமாற்று வித்தைதான்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். மனுப் போட்டவர்கள் முதலாளிகள். எதிர்த்து நின்றது நுகர்வோர் ஆணையம். வாதத்தில் தொழிலாளியின் பெயர் இருந்தது. வாதியாகத் தொழிலாளி இல்லை! அவன் பெயரைச் சொல்லி வசூலிக்கும்போதும் அவனைக் கேட்கவில்லை. நிறுத்தும்போதும் கேட்கவில்லை.

நமது மேஜையில் நடந்ததும் இதுதானே? மைத்துனருக்கு 378 ரூபாய் லாபம். முதலாளிக்கு, சாப்பாட்டு விலையில் ஒரு காசு குறைவில்லை. தனக்குக் ‘கொஞ்சம்’ வரும் என்று நம்பியிருந்தவனுக்கு மட்டுமே நஷ்டம். போதாததற்கு ஏச்சு வேறு!

அமெரிக்க ‘நாகரிகம்’

“அப்படியானால் டிப்ஸ் கொடுத்துவிட்டால் போகிறது” என்பார்கள் நல்ல மனம் படைத்த சிலர். டிப்ஸ் எங்கே கொண்டு போய்விடும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே உள்நாட்டுப் போருக்குப் பின், ஜார்ஜ் புல்மன் தமது ரயில் கம்பெனியின் படுக்கை வண்டிகளில் வேலைக்கு அமர்த்தியது யாரை? அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு வந்த கறுப்பு மக்களை. சொற்பக் கூலி, மிச்சத்துக்குப் பயணிகளிடம் கையேந்த வேண்டியதுதான். சிரித்தால் காசு; சிரிக்காவிட்டால் பட்டினி! அந்தத் தொழிலாளர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ப் தலைமையில் சங்கம் கண்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள்.

ஆனால் டிப்ஸ் முறை ஒழியவில்லை. 1966-ல் அது சட்டத்திலேயே ஏறிக்கொண்டது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-லிருந்து இதே 2 டாலர் 13 சென்ட்தான்! மற்றவர்களுக்கு 7 டாலர் 25 சென்ட். டிப்ஸ் சேர்ந்தும் அந்தத் தொகை வராவிட்டால் முதலாளி ஈடு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கணக்கு எழுதுவது யார்? முதலாளி! சில ராஜ்யங்கள் மட்டும் இந்த இரட்டைக் கூலியை ஒழித்து எல்லோருக்கும் முழுக் கூலி என்று வைத்திருக்கின்றன. அங்கெல்லாம் ஓட்டல்கள் இன்றும் நடக்கத்தான் நடக்கின்றன.

தாபா பிறந்த ஸ்பெயினில் இன்னொரு காட்சியும் உண்டு. 1936-ல் பார்சிலோனா நகரத்தின் ஓட்டல்களையும் காப்பிக் கடைகளையும் தொழிற்சங்கங்கள் தம் கையில் எடுத்தபோது, முதலில் ஒழித்தவற்றில் ஒன்று டிப்ஸ். ஏன்? இனாம் வாங்குகிறவன் குனிய வேண்டும். கூலி வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்கலாம். பரிமாறுகிறவனும் உண்கிறவனும் சமமான மனிதர்கள் என்பதை அந்த நகரம் சில மாதங்களாவது நடத்திக் காட்டியது.

நாம் கேட்பது என்ன?

“கூலியை உயர்த்தினால் விலை ஏறும், ஜனங்கள் வரமாட்டார்கள்” என்கிறார்கள் முதலாளிகள். கனவான்களே! பொத்தான் இட்லிக்கு 320 ரூபாய் வைத்தபோது வராத இந்தப் பயம், கூலி என்றதும் ஏன் வருகிறது? கட்டிட வாடகையைத் தனி வரியாகப் பில்லில் போடுகிறீர்களா? மின்சாரக் கட்டணத்தை வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு விடுகிறீர்களா? அதெல்லாம் விலைக்குள் அடங்கும். மனிதனின் உழைப்பு மட்டும் விலைக்கு வெளியே நிற்க வேண்டுமா? இஷ்டப்பட்டால் கொடுக்கலாம், இஷ்டமில்லை என்றால் கழித்துக் கொள்ளலாம் என்று தொழிலாளியின் சோற்றை வாடிக்கையாளரின் மனநிலையோடு கட்டிவிடுவது என்ன நியாயம்?

விலைப்பட்டியலில் எழுதியதே முழு விலையாக இருக்கட்டும். அதற்குள்ளேயே முழுக் கூலியும் அடங்கட்டும். ஊழியர் பெயரால் இதுவரை வசூலித்த பணத்துக்கும், இனி வசூலிக்கும் பணத்துக்கும் மாதா மாதம் கணக்கை ஊழியர் முன் வைக்கட்டும். சென்னை ராஜ்யச் சட்டசபை 1958-லேயே உணவு விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் செய்து, வேலை நேரத்துக்கு வரம்பும் வார விடுமுறையும் வகுத்தது. அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓட்டல் தரும் அறையில் பத்துப் பேராய்ப் படுத்து, இரவு கதவடைக்கும் வரை நிற்கும் பிள்ளைகளுக்கு அந்த வரம்பு ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. தொழிலாளர் இலாகா அதிகாரிகள் வாசல் வழியாக வந்து மேனேஜரோடு காப்பி குடித்துவிட்டுப் போகாமல், பின்கட்டு வழியாக வந்து தட்டுக் கழுவும் பெண்ணைக் கேட்கட்டும்!

ஓட்டலுக்குப் போகும் நடுத்தர வர்க்க நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் 378 ரூபாயைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அதைத் தட்டுச் சுமப்பவனிடம் கேட்காதீர்கள். மேனேஜரைக் கூப்பிடுங்கள். கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “இந்தப் பையனுக்கு மாதச் சம்பளம் என்ன? வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டா?” அந்தச் சிரித்த முகம் என்ன ஆகிறது என்று பாருங்கள். மைத்துனருக்கும் இதைத்தான் சொன்னோம். அடுத்த முறை அப்படியே கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஓட்டல் தொழிலாளர்களே! மேஜைக்கு மேஜை உங்கள் பெயரால் காசு வசூலாகிறது. எவ்வளவு என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் வேலை போகும். சமையல்கட்டும் பரிமாறுவோரும் தட்டுக் கழுவுவோரும், தமிழ் பேசுவோரும் அஸ்ஸாமி பேசுவோரும் சேர்ந்து கேட்டால், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் வெளியே வந்துதான் தீர வேண்டும்!