படத்துக்குப் பிறகு

இந்த வாரம் ஒரு மருத்துவமனை விளம்பரம் என்னைக் கோபப்படுத்தியது. ஸ்ட்ரோக் வந்த ஒருவரின் மூளை ரத்தக்குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியைப் பலமுறை முயன்று எடுத்துவிட்டார்களாம். அடைத்த குழாய், திறந்த குழாய் என இரண்டு படங்கள். அந்த மனிதர் எழுந்து நடந்தாரா, பேசினாரா? ஒரு வரி இல்லை. மருத்துவ விளம்பரங்கள் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. இது அதைவிடப் பெரிது.

தொடை இடுக்கு வழியாகக் குழாய் செலுத்தி, கம்பி வலையில் சிக்கவைத்தோ உறிஞ்சியோ கட்டியை எடுக்கும் சிகிச்சை மகத்தானது. 2015இல் அடுத்தடுத்து அச்சேறிய ஐந்து ஆய்வுகள் அதை நிலைநாட்டின. ஆனால் முதல் இழுப்பிலேயே ரத்தக்குழாய் முழுதாகத் திறந்தவர்கள்தான் அதிகம் தேறுகிறார்கள் என்பதை 2018இல் ஆய்வாளர் சைதத் குழுவினர் காட்டினார்கள். ஒவ்வொரு மறு இழுப்புக்கும் நேரம் போகிறது, ரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுகிறது, உடைந்த துணுக்குகள் மேலே போய் அடைக்கலாம். பிடிவாதமான கட்டிக்குத்தான் பல இழுப்பு தேவைப்படுகிறது என்பதால் பழி முழுவதும் இழுப்பின் மேல் இல்லை. திறக்காமலே விடுவதைவிட நாலாம் முறையில் திறப்பதும் பெரும்பாலும் மேல்தான். இன்னொரு முறை இழுக்கலாமா என்று அந்த மேசையருகே நின்று முடிவெடுக்கும் மருத்துவரை நான் மதிக்கிறேன்.

சிகிச்சையின் விளைவை 0 முதல் 6 வரையான அளவுகோலில் அளப்பது 90ஆம் நாளில். எந்தக் குறையும் இல்லையென்றால் 0, மரணம் என்றால் 6. படுக்கையே கதியென்று எப்போதும் பிறர் கவனிப்பில் கிடந்தால் 5.

அந்தக் கணக்கில் ழான் தொமினிக் போபி 5. பாரிஸில் ‘எல்’ பத்திரிகையின் ஆசிரியர். 1995 டிசம்பர் 8இல், 43 வயதில், மூளைத்தண்டில் ஸ்ட்ரோக். கட்டி கரைக்கும் ஊசியின் பலனை நிறுவிய அமெரிக்க ஆய்வு வெளியானது அதே மாதம் 14ஆம் தேதி. அந்த ஆறு நாள் இடைவெளியை என்னால் மறக்க முடிவதில்லை. போபிக்கு அந்த ஊசி உதவியிருக்குமா என்பது வேறு கேள்வி.

நினைவு திரும்பியபோது அவர் வசம் எஞ்சியிருந்தது இடது கண்ணிமை. பிரெஞ்சில் அதிகம் புழங்கும் எழுத்து முதலில் வரும்படி அகரவரிசையை மாற்றி ஒருவர் படிக்க, வேண்டிய எழுத்தில் போபி இமைப்பார். விடியுமுன்பே வாக்கியங்களை மனதுக்குள் எழுதித் திருத்தி, மனப்பாடம் செய்து வைத்திருந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் க்ளோத் மாந்திபில் வந்ததும் சொல்வார். 1997 மார்ச்சில் அப்படி எழுதிய புத்தகம் வந்தது; சில நாட்களில் அவர் இறந்தார். தன்னிரக்கம் இல்லாத புத்தகம் அது. உணவின் ருசியை நினைவிலிருந்தே சமைத்துச் சாப்பிடும் அந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த எழுத்துமுறையை அவருக்கு அமைத்துத் தந்தவர் அவர் இருந்த பேர்க் கடற்கரை மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர். கட்டி எடுத்தவரைக் கொண்டாடும் நாம் இவரைப் போன்றவர்களைப் பற்றிக் கேட்பதே இல்லை. நான் பார்த்த வீடுகளில் மாத்திரை வேளை தவறுவதில்லை. வாய் திறக்க முடியாத பெரியவரிடம் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்ட்ரோக்கில் பேச்சு போயிருந்தால், டிஸ்சார்ஜ் அன்றே பேச்சுப் பயிற்சிக்கு யாரிடம், எந்தக் கிழமை வரவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.