14 கோடிப் பையன்களும் குன்னூர் டீக்கடைத் தீர்ப்பும்

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரியில் பேச்சு பெரும்பாலும் பனியைப் பற்றித்தான். எந்தப் பள்ளத்தில் உறைபனி விழுந்தது, தேயிலை கருகிவிட்டதா, கேரட் தப்பியதா என்றுதான் காலை டீ தொடங்கும். இந்த வருடம் மார்கழி முதல் தேதியே பேச்சு மாறிப்போனது. குன்னூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையானாலும் சரி, ஊட்டி சேரிங்கிராஸானாலும் சரி, ஒரே கேள்விதான்: ‘யாருங்ணா இந்தப் பசங்க?’

டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஐ.பி.எல் மினி ஏலத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு பையன்களை வாங்கியது. ஒருவர் உத்தரப்பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது 20. இன்னொருவர் ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, வயது 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். விற்ற விலை ஆளுக்கு 14.20 கோடி. அதாவது 47 மடங்குக்கும் மேல். இந்திய அணிக்கு இன்னும் ஆடாத ஒரு வீரருக்கு ஐ.பி.எல் ஏலத்தில் இதுவரை இவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. 2022-ல் ஆவேஷ் கானுக்குக் கிடைத்த 10 கோடிதான் அதுவரை உச்சம்.

சி.எஸ்.கே ஏலத்துக்குக் கொண்டுபோனது 43.40 கோடி. அதில் 28.40 கோடி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, இந்த இரண்டு பேருக்கே போய்விட்டது. மஞ்சள் ஜெர்சி ரசிகர்களுக்கு அன்றிரவு தூக்கம் வராததில் ஆச்சர்யம் இல்லை.

இரண்டு கட்சி

டீக்கடையில் இப்போது இரண்டு கட்சி. நரைத்த தலைகள் ஒரு பக்கம். அவர்கள் கையில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2021-ல் கிருஷ்ணப்பா கௌதமை 9.25 கோடிக்கு சி.எஸ்.கே வாங்கியது. அந்த சீசன் முழுக்க அவருக்கு ஒரு மேட்ச்கூடக் கிடைக்கவில்லை. 2022-ல் 14 கோடிக்கு வாங்கிய தீபக் சஹார் காயத்தால் அந்த சீசனே ஆடவில்லை. 2024 சீசனுக்கு 8.40 கோடிக்கு வந்த சமீர் ரிஸ்வியும் பிரசாந்த் வீரைப் போலவே உத்தரப்பிரதேசத்துப் பையன்தான். ஒரே வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். ‘மறுபடியும் அதே கதையா?’ என்று கேட்கிறது இந்தக் கட்சி.

காலேஜ் போகும் தம்பிகள் எதிர்ப்பக்கம். அவர்கள் காட்டும் உதாரணம் ஆயுஷ் மாத்ரே. 2025 சீசனின் நடுவே, காயமடைந்த ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு மாற்றாக வெறும் 30 லட்சத்துக்கு வந்த 17 வயதுப் பையன். பெங்களூரில் ஆர்.சி.பி-க்கு எதிராக 48 பந்தில் 94 ரன் அடித்தார். மேட்ச் இரண்டு ரன்னில் கைவிட்டுப் போனது வேறு கதை. ‘பெரிய பேர்களை வெச்சுக்கிட்டு என்ன கண்டோம்? 2025-ல கடைசி இடம்தானே!’ என்பது இவர்கள் வாதம். மறுக்க முடியாது. 14 மேட்சில் நான்கே வெற்றி. ஐ.பி.எல் வரலாற்றில் சி.எஸ்.கே முதல்முறையாகப் பட்டியலின் அடியில் முடித்தது.

இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு மனக்குறையும் உண்டு. அஸ்வின் ஆகஸ்ட்டில் ஐ.பி.எல்-லிலிருந்தே விடைபெற்றுவிட்டார். இந்த ஏலத்தில் வாங்கிய ஒன்பது பேரில் ஒருவர்கூட தமிழ்நாட்டு அணிக்காரர் இல்லை. 2016-லிருந்து டி.என்.பி.எல் நடக்கும் மாநிலத்தில் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும்.

யாருக்கு என்ன வேலை?

பிரசாந்த் வீர் இடதுகை ஸ்பின்னர், இடதுகையிலேயே பேட்டிங்கும் செய்வார். யு.பி. டி20 லீக்கில் நொய்டா சூப்பர் கிங்ஸுக்காக ஆடிக் கவனத்துக்கு வந்தவர். வர்ணனையைக் கேட்டதுமே யார் ஞாபகம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 ஃபைனலின் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்த ஜடேஜா, சாம் கரனோடு ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் சஞ்சு சாம்சன். ஆக, 20 வயதுப் பையன் நிற்கப்போவது ஜடேஜா விட்டுப்போன இடத்தில்.

கார்த்திக் சர்மா விக்கெட் கீப்பர் பேட்ஸ்மேன். பரத்பூர்க்காரர். ரஞ்சி அறிமுக ஆட்டத்திலேயே சதம் அடித்தவர், நடுவரிசையில் வந்து சிக்ஸர் அடிக்கக்கூடியவர். சிக்கல் என்னவென்றால், கீப்பிங் க்ளவுஸுக்கு சி.எஸ்.கே-வில் ஏற்கெனவே வரிசை நிற்கிறது. தோனி இருக்கிறார், சாம்சன் வந்துவிட்டார், உர்வில் பட்டேலும் இருக்கிறார். கார்த்திக் உள்ளே வரவேண்டுமானால் முதலில் பேட்ஸ்மேனாகத்தான் இடம் பிடிக்க வேண்டும். நாளை தோனி இல்லாத அணி எப்படி இருக்கும் என்ற கணக்கில்தான் அவருக்கு இவ்வளவு பணம்.

அந்த தோனியின் இன்றைய விலை 4 கோடி. ஐந்து வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாததால் ‘அன்கேப்டு’ வீரராகக் கருதும் விதிப்படி கிடைத்த தொகை அது. 2008-ல் முதல் ஏலம் நடந்தபோது 15 லட்சம் டாலருக்கு விலைபோய், ஏலத்தின் உச்சத்தில் நின்றவரும் அவர்தான். அப்போது கார்த்திக் சர்மா தத்தித் தத்தி நடக்கிற வயதுக் குழந்தை.

விலையை யார் வைத்தது?

கோபப்படுவதற்கு முன் ரசிகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 14.20 கோடி வேண்டும் என்று பையன் கேட்கவில்லை. அவர் எழுதிக்கொடுத்தது 30 லட்சம். ஒரே மாதிரி ஆளைத் தேடும் இரண்டு அணிகள், பையில் பணத்தோடு, எதிரெதிரே உட்கார்ந்து பலகையைத் தூக்கிக்கொண்டே இருந்தால் விலை ஏறும். குன்னூர் தேயிலை ஏலத்தைப் பார்த்த ஊருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. வாங்குகிறவர்களின் போட்டியும் அன்றைய தட்டுப்பாடும் சேர்ந்துதான் ரேட்டைத் தீர்மானிக்கும், சரக்கு அதே சரக்குதான்.

அமெரிக்காவின் என்.எஃப்.எல் ஃபுட்பாலில் வேறு வழி. அங்கே ஏலம் கிடையாது, ‘டிராஃப்ட்’தான். கடைசி இடத்தில் முடித்த அணிக்குப் புது வீரர்களில் முதல் தேர்வு. அங்கும் ரசிகர்கள் அன்றிரவே பையன்களுக்கு மார்க் போடுவார்கள். ‘டைட் எண்ட்’ என்று ஓர் இடம் உண்டு. எதிராளியைத் தடுக்கவும் வேண்டும், பந்தைப் பிடித்து ஓடவும் வேண்டும். நம் ஊர் கீப்பர் பேட்ஸ்மேன், ஆல்ரவுண்டர் மாதிரி இரட்டை வேலை. இரண்டிலும் தேற நாளாகும் என்பதால் அந்த இடத்துக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும் என்பது அங்கே பொதுவான பேச்சு. ஐ.பி.எல்-லில் கடைசி இடத்துக்கு அந்தச் சலுகை இல்லை. காசு கொடுத்துத்தான் எதிர்காலத்தை வாங்க வேண்டும். கொடுத்த காசு பையனின் முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

அங்கேதான் சங்கடம். 30 லட்சத்துக்கு வந்த மாத்ரே முதல் மேட்சில் டக் அவுட் ஆகியிருந்தால், ‘சின்னப் பையன், விடுங்க’ என்றிருப்போம். 14 கோடிக்கு வந்தவர் ஆனால்? ஒரு பந்துக்கு எத்தனை லட்சம் என்று மீம் வரும். வீட்டில் அம்மா, அப்பா செல்போனிலும் அது வரும். மேட்ச் தோற்ற இரவில் 19 வயதுப் பையன் தன் பெயரைத் தேடிப் பார்த்தால் என்ன படிப்பான் என்பதை, அனுப்புகிற விரல்கள்தான் யோசிக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இது புரியாத கணக்கல்ல. தேயிலைச் செடியைக் கவாத்து செய்தால் தோட்டம் சில மாதம் குச்சிக் குச்சியாக மொட்டையாகத்தான் நிற்கும். பறிக்க இலை இருக்காது. புது நாற்று நட்டாலோ, நல்ல மகசூலுக்குச் சில வருடங்கள் ஆகும். அதற்காகக் கவாத்து செய்யாமல் விட்டால் செடி உயரமாக வளரும், கொழுந்து குறையும். சி.எஸ்.கே இப்போது செய்திருப்பது பெரிய கவாத்து. பதிரானாவைக்கூட விடுவித்துவிட்டார்கள். கொல்கத்தா அவரை 18 கோடிக்கு அள்ளிக்கொண்டது.

இது சரியான கவாத்தா, ஆழமாக வெட்டிவிட்டார்களா என்பது இப்போது தெரியாது. முதல் சீசனிலும் முழுசாகத் தெரியாது. கோடையில் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை சென்ட்ரலில் இறங்கி, மஞ்சள் ஜெர்சியோடு சேப்பாக்கம் போகிற கூட்டத்தில் இந்த மலைக்காரர்களும் இருப்பார்கள். அங்கே கார்த்திக் சர்மா ஒரு கேட்சை விடலாம். பிரசாந்த் வீர் ஓர் ஓவரில் மூன்று சிக்ஸர் வாங்கலாம். அப்போது கேலரியில் முதலில் எழும் சத்தம் கைத்தட்டலாக இருந்தால், அந்தப் பையன்களுக்கு அடுத்த பந்து கொஞ்சம் சுலபமாக இருக்கும்.