புனே வரை பரவிய பப்பாளி மாவுப்பூச்சி: மருந்து இருந்தது, வந்து சேர்ந்ததுதான் தாமதம்

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனே பகுதியின் பப்பாளித் தோட்டங்களில் 2010-ஆம் ஆண்டு காணப்பட்ட வெண்பஞ்சு போன்ற படலம், உள்ளூர் விவசாயிகளுக்குப் புதிது. தமிழக விவசாயிகளுக்கு அது ஏற்கெனவே பழகிய துயரம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலில் 2008-இல் கோவையில் கண்டறியப்பட்டது.

பப்பாளி என்பது பெயரளவில்தான். மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் என எதையும் இப்பூச்சி விட்டுவைப்பதில்லை. மரவள்ளி பயிரிடுவோரும், மல்பெரி இலையை நம்பிப் பட்டுப்புழு வளர்ப்போரும் இதனால் பெரும் இழப்பைச் சந்தித்தனர். உடலை மூடியுள்ள மெழுகுப்பூச்சு காரணமாகப் பூச்சிக்கொல்லி எளிதில் உள்ளே செல்வதில்லை. மாறாக, அப்பூச்சியை உண்ணும் நன்மை செய்யும் பூச்சிகளே தெளிப்பில் மடிந்தன. மீண்டும் மீண்டும் மருந்தடித்தவர்களுக்குச் செலவு மட்டுமே மிஞ்சியது.

தீர்வு, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒட்டுண்ணிக் குளவியிடமிருந்து வந்தது. 'அசரோபேகஸ் பப்பாயே' எனப்படும் இக்குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அதை உள்ளிருந்தே தின்று அழிக்கும். பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் முக்கியத்துவம் வாய்ந்த பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் 2010 ஜூலையில் இதனை போர்ட்டோ ரிக்கோவில் இருந்து தருவித்தது. அக்டோபர் முதல் வயல்களில் விடப்பட்ட குளவிகள், சில மாதங்களிலேயே பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. இதனால் ஐந்து ஆண்டுகளில் கிடைத்த பயன் குறைந்தது 50 கோடி டாலர் என 2014-இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இங்கு எழும் கேள்வி காலம் பற்றியது. இதே குளவி கரீபியன் தீவுகளிலும், 2000-களின் தொடக்கத்தில் பசிபிக் தீவான குவாமிலும் பலன் தந்திருந்தது. இந்தியாவைப் போலவே 2008-இல் பாதிப்பைக் கண்ட இலங்கை, 2009-லேயே அதனை இறக்குமதி செய்தது. அயல்நாட்டு உயிரியை வயலில் விடுமுன் தனிமைப்படுத்திச் சோதிப்பது தவிர்க்க இயலாதது. அதில் அவசரம் கூடாது. ஆயினும், பூச்சி கண்டறியப்பட்டதற்கும் குளவி தருவிக்கப்பட்டதற்கும் இடையே கடந்த இரண்டு ஆண்டுகளை அந்தச் சோதனையின் கணக்கில் எழுத முடியாது. அந்த இடைவெளியில்தான் பூச்சி கோவையில் இருந்து புனே வரை சென்றது.

பின்னர் 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி தென்பட்டது. அதற்கான குளவி, ஆப்பிரிக்க நாடான பெனினில் இருந்து தருவிக்கப்பட்டு, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது 2022 மார்ச்சில்.